சின்னையாவுக்குப் பதிலாகப் பாடப் போன சனிக்கிழமை

எண்பத்தாறாம் ஆண்டு புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, மலேசியாவில் ஈஜோக் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய் வந்தேன். அங்குள்ள பெருமாள் கோயிலில் முன்பாட்டுப் பாடிவந்த என் நண்பர் சின்னையாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குரல் போய்விட்டது. முந்தைய சனிக்கிழமை பாட ஆளில்லாமல் தீபாராதனையோடு முடித்துவிட்டார்கள். கடைசிச் சனியாவது நான் பாட வேண்டும் என்று அவர் மனைவி அஞ்சலை சொல்லியனுப்பியிருந்தார். தமிழ்ப்பள்ளியில் காலமெல்லாம் பாடம் நடத்திய நான், நாலு பேர் முன்னால் ஒரு வரி பாடியவனில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பாடுவேன். அதைக் கேட்டவர் சின்னையா ஒருவர்தான்.

நான் குடியிருந்த ரவாங்கில் காலை எட்டரைக்குக் கோலசிலாங்கூர் பஸ். ஈஜோக் வரை ஒரு வெள்ளி எண்பது காசு. முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து தோட்டம் நான்கு கிலோமீட்டர். நடக்கலாம், ஆனால் அன்று மழை. டாக்சி எடுத்தேன். பின்னிருக்கையில் நான் வரிகளை முணுமுணுப்பதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

“என்னா ஐயா, பரீட்சையா?”

“கோயில்ல பாடணும்.”

“அப்ப சத்தமா பாடுங்க லா! டுயிட் வேணாம் எனக்கு, ஒரு காசு வேணாம்.”

நான் முணுமுணுப்பதையும் நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன். எண்ணெய்ப்பனைகளுக்கிடையே பகலிலும் இருட்டு. திரும்பிப் போய்விடலாமா என்று இருமுறை நினைத்தேன்.

கோயில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ். சின்னையா கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் தம் பக்கத்து இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார்.

அங்கே பஜனை முறை இதுதான்: முன்பாட்டுக்காரர் ஓர் அடி பாடுவார், கூட்டம் திருப்பிப் பாடும். அவர் அடுத்த அடியை எடுக்கும்வரை அதே அடியையே பாடிக்கொண்டிருக்கும். நான் பயத்தில் உச்சத்தில் தொடங்கிவிட்டேன். மூன்றாம் அடியில் குரல் உடைந்து நின்றது.

கூட்டம் நிற்கவில்லை. என்னிடம் படித்த சரோஜா மட்டும் பாட்டுக்கிடையே குனிந்து, “வாத்தியாரே, நாங்க மறந்தா முட்டி போட வெப்பீங்கல்ல? இப்ப நீங்க போடுங்க!” என்றாள். பெண்கள் சிரித்துக்கொண்டே பாடினார்கள். உச்சத்தில் பாட அவர்களுக்கும் முடியவில்லை போலும். ஒவ்வொரு சுற்றிலும் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, என் தொண்டைக்கு எட்டுமளவுக்கு வந்தது. நான் உள்ளே நுழைந்தேன்.

பயம் போகவில்லை. பயத்தோடேயே பாட்டு போனது. ஒவ்வோர் அடிக்கும் சின்னையாவின் வாய் திறந்து மூடியது. சத்தமில்லை. அவரைப் பார்த்தால் நின்றுவிடுவேன் என்று தரையைப் பார்த்தே பாடி முடித்தேன்.

சாப்பிடும்போது அஞ்சலை சொன்னார்: “போன வாரம் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்தாருண்ணே.”

“இன்னிக்கி?”

“அழுதாரு. அது தேவல.”

போக நினைப்பவர்கள் குடை கொண்டு போங்கள். திரும்பும் கடைசி பஸ் மாலை ஆறுக்கு. என்னைப் போலப் பாடப் பயப்படுபவர்கள் தாழ்வாகத் தொடங்குங்கள். நின்றுவிட்டால் எழுந்து ஓடாதீர்கள், கூட்டம் காத்திருக்கும்.

தை மாதம் சின்னையாவின் காரியத்துக்குப் போனேன். பாடும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே தொடங்கினேன்.