ஏழு மாடுகள்

சிரில் ஹவேல்காவுக்கு மொராவியாவில் பதினெட்டு ஹெக்டேர் நிலம் இருந்தது. சொந்த நிலத்தில் உழுபவனை அங்கே செட்லாக் என்பார்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஊரில் கூட்டுப்பண்ணை வந்தபோது நிலத்தைச் சேர்க்க அவர் கையெழுத்துப் போடவில்லை. அதன் பிறகு காகிதங்களில் அவர் குலாக் ஆனார். ருஷ்யச் சொல், முஷ்டி என்று பொருள்; அரசுக்கு எதிரியான பணக்கார விவசாயிக்கு வைத்த பெயர். அரசுக்குக் கொடுக்க வேண்டிய முட்டை குறைந்ததென்று பதினோரு மாதம் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்ததும், தாயில்லாத மகள் லுட்மிலாவோடு லாரியில் ஏற்றி எல்லைப்புறத்து அரசுப் பண்ணையில் இறக்கிவிட்டார்கள். நான்கு வருடமாக அங்கே மாடுகளுக்குத் தீனி போடுகிறார்.

லுட்மிலாவுக்கு நர்ஸ் பள்ளியில் சேர ஆசை. படிவத்தில் 'தகப்பன் தொழில்' என்று ஒரு கட்டம். பண்ணை அலுவலகத்து பெஷ்கோவா அம்மாள் 'மாட்டுக் கொட்டில் தொழிலாளி' என்று தட்டச்சு செய்தாள். பழைய ஊரின் கோப்பு இன்னும் வந்து சேரவில்லை.

"இதுல பொய் ஒண்ணும் இல்லையே," என்றாள். "நாளைக்கு மாவட்டத்துலேர்ந்து ஒருத்தர் விசாரிக்க வர்றாரு. பழைய கதைய எடுத்துராதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில். உங்க பொண்ணுக்காகச் சொல்றேன்."

"மாடு பேசினாலும் நான் பேசமாட்டேம்மா."

வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாணத்தைத் தாண்டித் தாண்டி வந்து சிகரெட் நீட்டினார்.

"பொண்ணு நர்ஸாகப் போறாளாமே, தோழர். நல்லது. உங்ககிட்ட எத்தன மாடு?"

"ஏழு," என்றார் சிரில். "ரெண்டு குதிரையும் உண்டு. பெருசு லேசா நொண்டும்."

வந்தவர் கொட்டிலை ஒருமுறை பார்த்தார். "இங்க முப்பதுக்கு மேல நிக்குதே?"

"இதுங்களா? இதுங்க என்னோடது இல்லியே."

சொன்ன பிறகுதான், பழைய ஊரில் பறிபோன மாடுகளை எண்ணிச் சொன்னது அவர் காதில் விழுந்தது. வந்தவர் தாழ்ந்த குரலில், "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூன்று வாரத்தில் பள்ளியிலிருந்து பதில் வந்தது. குலாக் மகளுக்கு இடமில்லை.

"கேட்டதுக்கு மட்டும்னு சொன்னாங்கள்லப்பா?"

"கேட்டதுக்குத்தாம்மா சொன்னேன்."

  திங்கட்கிழமை விடியலில் லுட்மிலா ரப்பர் பூட்ஸும் வாளியுமாகக் கொட்டிலுக்குக் கறவை வேலைக்கு வந்து நின்றாள்.

"நான் கறக்கிறது எத்தன?"

"பதினாலு."

"அதுல நம்மளுது?"

சிரில் வைக்கோல் கவையைச் சுவரில் சாய்த்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்று முதல் மாட்டின் கீழே உட்கார்ந்தாள்.