சாமந்திக்குத் தைத்த கறுப்பு உறைகள்

கல்லூரியின் வளர்ப்பு அறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்த வருஷம், என் ஆராய்ச்சிக்குக் கடைசி வருஷம். வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாமந்திச் செடி, இலை விட்டது போதும், இனிப் பூக்கலாம் என்று எப்படி முடிவெடுக்கிறது, எந்த மரபணு அதைச் சொல்கிறது என்பதுதான் என் தலைப்பு. இரவு நீண்டு, இருட்டு கலையாமல் இருந்தால் சாமந்தி பூக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். அந்த அறையில் விளக்கு நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணையும். தண்ணீர் வடிந்தபோது செடிகள் பிழைத்திருந்தன, விளக்குகள் இல்லை.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா" என்றார் என் வழிகாட்டி. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துத் தொட்டிகளை நசரத்பேட்டையில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனேன். வண்டிக்காரர் ஒவ்வொன்றாக ஏற்றியபடி கேட்டார்.

"இன்னாக்கா, ஒரு பூவு கூட இல்ல. இத்தப் போயி இவ்ளோ பத்திரமா ஏத்திகினு போறே?"

"இனிமேதான் பூக்கும்ணா."

"பூக்காட்டி?"

"அதையும் எழுதணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

மொட்டை மாடியில் தொட்டிகளைப் பரப்பி வைத்த அன்று சாயங்காலம்தான் தப்பு புரிந்தது. பெங்களூர் நெடுஞ்சாலை பக்கத்திலேயே. பொழுது சாய்ந்ததும் சாலை விளக்கும், எதிரே இருந்த விளம்பரப் பலகையின் வெளிச்சமும் மாடியைப் பகல்போல ஆக்கிவிட்டன. பாதிச் செடிகளை அந்த வெளிச்சத்திலேயே விடலாம், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். மீதிப் பாதிக்கு இருட்டு வேண்டும். அட்டைப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்தேன். தூறலில் அவை ஊறிச் சரிந்தன.

கீழ் வீட்டில் இருந்தவர் தையல் வேலை செய்யும் ஒரு பாய் வீட்டு அக்கா. அவர் கணவருக்குப் பூந்தமல்லியில் பாத்திரக் கடை. அதுவரை எங்களுக்குள் படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்கிற பழக்கம் மட்டும்தான். துணி எடுக்க மேலே வந்தவர், நான் ஊறிய அட்டைகளோடு போராடுவதைப் பார்த்து நின்றார்.

"இன்னா டீச்சர், செடிக்கு ஊடு கட்றியா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பூவு நுனியிலதான வருது? நுனிய மட்டும் மூடுனா பத்தாதா?" என்றார்.

"இருட்டைப் பாக்கறது இலைதான்க்கா. ராத்திரி நீளமா இருந்தா இலைக்குள்ள ஒரு மரபணு வேலையை ஆரம்பிக்கும். அது செய்யற புரதம் தண்டு வழியா நுனிக்குப் போயி, பூவைத் தொடங்குன்னு சொல்லும். குறுக்க வெளிச்சம் வந்தா வேற ஒரு மரபணு எழுந்து அதைத் தடுத்துடும்."

"அப்ப வெளிச்சம் பட்டா சேதி போவாது."

"போகாது."

"புர்கா தெச்ச மிச்சத் துணி நெறைய கீது. தெச்சித் தரேன், வுடு."

மறுநாள் தொட்டிக்கு ஒன்றாக, இரட்டைத் துணியில், அடியில் நாடா வைத்த உறைகள் தயாராக இருந்தன. மூங்கில் குச்சிகளை நட்டு அவற்றின்மேல் போர்த்தினேன். உள்ளே கையை விட்டால் கை தெரியவில்லை.

செடிகள் இருட்டுக்குப் பழகிக்கொண்டிருந்தபோது எனக்கு டெங்கு வந்தது. ஆவடியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் தன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு என்னோடேயே இருந்தார். காய்ச்சலைவிட மாடிதான் என்னை வாட்டியது. சொல்லவும் கூச்சமாக இருந்தது. அப்போது அக்காவே போன் செய்தார்.

"டீச்சர், செடியப் பத்தி ரோசன பண்ணாத. சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னதும் மேல போயி மூடிர்றேன். காலைல வெயில் வந்ததும் எடுத்துர்றேன். எதை மூடணும், எதை வுடணும்னு தெரியும். நீ நல்லாத் தூங்கு."

போனை வைத்ததும் அழுகை வந்தது. வலியால் அழுகிறேன் என்று நினைத்து என் கணவர் நர்ஸைக் கூப்பிடப் போய்விட்டார்.

வீடு திரும்பிய அன்று அக்கா என் கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டார். உறை போட்டிருந்த செடிகளின் நுனிகளில் பச்சைப் பட்டாணிபோல மொட்டுகள். வெளிச்சத்தில் விட்டவை இலையும் தழையுமாக ஓங்கி நின்றன. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தொட்டியில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அது ஒண்ணு கெட்டுப் போச்சி டீச்சர்" என்றார் அக்கா. "ஒரு நாள் காத்துல நாடா அறுந்து, ராவெல்லாம் தொறந்து கெடந்திருக்கு. காலைலதான் பாத்தேன். நீ பாட்டுக்கு நல்லதுன்னு நெனச்சி எழுதிடப் போறேன்னு கட்டி வெச்சேன்."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிய வழியே இல்லை. அந்தச் செடியிலும் மொட்டு வந்திருந்தது. ஆனாலும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மற்றச் செடிகளின் இலைகளைக் கிள்ளி, இலை கெடாமல் காக்கும் திரவம் நிரம்பிய சின்னக் குழாய்களில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். முடிவு வர நாளாயிற்று. இருட்டில் இருந்த இலைகளில் பூக்கச் சொல்லும் மரபணு சுறுசுறுப்பாக இருந்தது. வெளிச்சத்தில் இருந்தவற்றில் அது அடங்கி, தடுக்கும் மரபணு ஓங்கியிருந்தது. அந்த வருஷமே ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன்.

அளவெடுத்து முடிந்த பிறகு மாடி முழுக்க மஞ்சள் பூ. ஒரு கூடை பறித்துக் கீழே கொடுத்தேன். அடுத்த நாள் பூந்தமல்லியில் ஒரு கல்யாணத்துக்கு அக்கா அதைக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் நேராக மேலே ஏறி வந்தார்.

"எல்லாரும் கேக்கறாங்க டீச்சர், எந்தக் கடைல வாங்குனேன்னு."

"என்ன சொன்னீங்க?"

"எங்க மாடில பூத்ததுன்னு சொன்னேன்" என்றார்.