சுவரில் தலைகீழாக நடந்தவர்கள்

எந்த ஊர் லாரியில் ஈரச் சாக்கு வாடை அடித்தாலும், திருவண்ணாமலையில் இப்போது லாட்ஜ் நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ஆறாம் வகுப்பு அறைதான் எனக்கு ஞாபகம் வரும். ஒளிப் பாடம் என்றால், சாக்குகள் காற்றில் ஆடாதபடி டீச்சர் அவற்றை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துவார். கதவில் இருந்த ஆணி ஓட்டை வழியே தெரு எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும், மலை உச்சி கீழே தொங்கும், சைக்கிள்காரர்கள் வானத்துக்கு மேலே மிதித்துப் போவார்கள்.

"வெளிச்சம் நேராத்தான் போவும். மேலருந்து வர்றது கீழ விழுது, கீழருந்து வர்றது மேல போவுது, அவ்ளோதான்" என்பார் டீச்சர்.

அம்மா செத்த பிறகு, படிப்பை நிறுத்தி என்னைக் கீழ்பென்னாத்தூர் அரிசி மில்லில் வேலைக்கு விடப்போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் சுவரில் மஞ்சள் பையோடு ஒருவர் வந்தார்.

"டேய், உங்கப்பாடா! கூரைல நடந்து வர்றாரு பாரு!" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த காதர் கத்தினான். வகுப்பே சிரித்தது. அந்தப் பையில் இருப்பது என் துணிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரில் அப்பா பெரிதாகிக்கொண்டே வந்தார்.

"கதவத் தொறக்காதீங்க டீச்சர்" என்றேன்.

அப்பா வெளியிலிருந்து தள்ளினார். வெளிச்சம் உள்ளே கொட்டியதும் தெருவும் மலையும் போய், வெறும் சுண்ணாம்புச் சுவர் நின்றது.