பேதி மருந்தும் ஹாஷும்

இன்று நிவித்திகலவில் தெரிந்த கடையொன்றில், மடிக்கணினிக்குத் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பென்டிரைவைச் செருகினார்.

"முதல்ல ஹாஷைப் பாருங்க," என்றேன். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும்.

"ஃபைல் பேரு சரியாத்தானே இருக்குங்க ஐயா?"

"தோட்டத்து டிஸ்பென்சரியில பேரை நம்பித்தான், இன்னொரு ராமசாமியோட பேதி மருந்தை எனக்குக் குடுத்தாங்க!"

பார்த்தார். பென்டிரைவில் இருந்த கோப்பின் ஹாஷ், மென்பொருள் தளத்தில் போட்டிருந்த ஹாஷோடு ஒத்துப்போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே தளத்திலிருந்து புதிதாக இறக்கினார்.

மாலையில் கணினியை வாங்கப் போனேன்.

"ராமசாமின்னு பல பேர் இருப்பாங்களே ஐயா. ஐடி கார்டைக் காட்டுங்க."

கார்டு வீட்டில் இருந்தது. அவர் மசியவில்லை. அதனால் இந்தப் பதிவைக் கைபேசியில் ஒற்றை விரலால் எழுதுகிறேன்.

நான் கேட்டது பாதுகாப்பு, அவர் கேட்டது வீம்பு. மறுப்பவர்கள் கீழே எழுதலாம். வெறும் பெயர் மட்டும் போதாது.