அணைக்காமல் விட்ட கணினி

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். காபி. 5.40-க்குக் குடையோடு வெண்ணாற்றங்கரை வரை நடந்து, படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று பார்த்தேன். நான்கு. முந்தின நாள் ஆறு. 6.30-க்கு வீடு, குளியல், இட்லி. மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை, ஆகவே அவளும் வீட்டில். நான் நில அளவைப் பிரிவில் வேலை பார்ப்பவன். வயலெல்லாம் தண்ணீர் நிற்கும்போது அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டு எங்கே போவது என்று விடுப்பு போட்டிருந்தேன். 9.15-க்குக் கணினியைப் போட்டேன். எழும்பவில்லை.

இரண்டாம் முறையும் இல்லை. மூன்றாம் முறை, பெட்டிக்குள் யாரோ நகத்தால் தட்டுவதுபோல டிக் டிக் என்று கேட்டது. அதற்குப் பிறகுதான் திரை மெதுவாக வெளுத்தது.

அதைப் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி அடுத்த வாரம் தொடங்குகிறது. பாடற்குழுவில் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்களுக்கு மனைவியின் பழைய பதிவுகள் வேண்டியிருந்தன. எங்கள் பங்குக் கோயில் பாடற்குழுவுக்கு அவள் பதினோரு வருடம் பாட்டு சொல்லிக் கொடுத்தாள். சனிக்கிழமை மாலைகளில் கணினியில் ஒரு சின்ன மைக்கைச் செருகிவைத்து, ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்வாள். ஆறு வருடத்துக்கு முன் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பு தேறியது, குரல் தேறவில்லை. இப்போது மணலில் கால் உரசுவதுபோல ஒரு குரல். "பிள்ளைங்க முன்னைவிட அமைதியா இருக்காங்க, நான் பேசறது கேக்கணும்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய பழைய குரல் அந்தக் கணினியைத் தவிர வேறெங்கும் இல்லை. எங்கள் கல்யாணக் கேசட்டில் கேட்பது பேண்டு வாத்தியம் மட்டும்தான்.

கணினி வந்தது 2009-இல், மகள் படிப்புக்காக. பங்குச் சாமியார் வந்து மந்திரித்தபோது, தீர்த்தம் விசைப்பலகையில் விழுந்துவிடக் கூடாதென்று நான் துண்டைப் போட்டு மூடினேன். "மந்திரிக்கக் கூப்பிட்டுட்டுக் குடை பிடிக்கிறீங்களே" என்றார் சாமியார். அதற்குப் பூப்போட்ட துணி உறை ஒன்றை மனைவி தைத்தாள். அந்த உறைக்கு வேலையே இல்லாமல் போனது. உறை போடவேண்டுமென்றால் அணைக்க வேண்டும், அவள் அணைக்க மாட்டாள். பாட்டு எப்போது ஞாபகம் வரும் என்று தெரியாதாம், அது தயாராக இருக்க வேண்டுமாம். ஸ்கூட்டியை ஓடவிட்டுக்கொண்டேவா மளிகைக்கடைக்குள் போகிறாய் என்று நான் கேட்பேன். "ஸ்கூட்டி பாடுமா?" என்பாள்.

நான் தினமும் அணைத்தேன். அணைத்த நேரத்தை நாட்குறிப்பில் 'க.அ.' என்று போட்டு எழுதினேன். மும்முனை மின்சாரம் விடும் நேரத்தில் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தண்ணீர் இறைக்கத் தொடங்கும்; வீட்டு விளக்குகள் மஞ்சளாகும். அதற்குமுன் அணைத்துவிடுவேன். இடி என்றால் அந்த நிதானமும் கிடையாது. முதல் உறுமல் கேட்டதும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு "பிளக்கைப் பிடுங்கு" என்று சத்தம் வரும். எங்கள் வீட்டில் சத்தம் வருவதற்கு முன்பே நான் பிடுங்கியிருப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எதிர்வீட்டில் மூன்று டிவி போயிற்று, எங்களுக்கு ஒன்றும் போகவில்லை.

11.20-க்கு ரயில்வே கேட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் கணினி மெக்கானிக் வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண்மணி, மழைக்கோட்டோடு, மனைவியிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர். பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போகப்போவுது சார். இப்ப ஓடுது. அணைச்சீங்கன்னா திரும்ப எழும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

"அணைக்கவே கூடாதா?"

"எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு எடுக்கற வரைக்கும் தொடாதீங்க. முதல்ல எது வேணும், சொல்லுங்க. நடுவுல நின்னாலும் நிக்கும்."

"பாப்பா போட்டோ" என்றாள் மனைவி. மகளை இன்னும் அப்படித்தான் சொல்லுவாள்.

"பாட்டு" என்றேன் நான்.

"அத யாருங்க கேக்கப் போறா?"

"போட்டோ எல்லாம் அவ போன்ல இருக்கு. பாட்டு முதல்ல."

அவள் காபி போடப் போனாள். மெக்கானிக் கொண்டுவந்திருந்த சின்ன டிஸ்க்கைச் செருகி நகலெடுக்கத் தொடங்கினார். மொத்தம் அறுபத்து மூன்று பதிவுகள். டிஸ்க் திக்கித் திக்கிப் படித்தது. ஒன்று சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பட்டியலில் கைக்கு வந்ததைத் திறந்தார்.

அறைக்குள் என் மனைவி பாடினாள். ஆறு வருடத்துக்கு முந்தின மனைவி. முதல் சரணம் முடிந்தது. தூரத்தில் ஓர் உறுமல். "ஏங்க, இருங்க, பிடுங்காதீங்க, இன்னும் ரெண்டாவது சரணம்..." அத்தோடு நின்றது.

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காபித் தம்ளரோடு வாசற்படியில் நின்ற மனைவியும் சிரித்தாள், சத்தமே வராத இப்போதைய சிரிப்பு. "டீச்சர், சார் எப்பவும் இப்படித்தானா?" "இடிக்கு முன்னாடியே வந்துருவாரும்மா."

பதிவின் தேதியைக் குறித்துக்கொண்டு அந்த வருட நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். 'மாலை 6.20 இடி. கணினி இணைப்பை எடுத்தேன்.' அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அவள் பாடிக்கொண்டிருந்தது அதில் இல்லை.

அந்தப் பழைய வழக்கை மெக்கானிக்கிடமே கேட்டுவிட்டேன். தினமும் அணைப்பது சரியா, விட்டுவைப்பது சரியா?

"முறையா அணைச்சாலும் ஒண்ணும் ஆவாது சார், விட்டுவச்சாலும் பெருசா ஒண்ணும் ஆவாது. ஓடிக்கிட்டிருக்கும்போது பிடுங்கறீங்க பாருங்க, அதான் ஆவாது."

நகலெடுப்பு தானாக ஓடும் என்று சொல்லிவிட்டு 12.40-க்குக் கிளம்பினார். பிற்பகல் முழுக்க அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். 5.05-க்கு மேற்கே உறுமியது. எதிர்வீட்டில் "பிளக்கைப் பிடுங்கு" என்றார்கள். என் கை அதற்குள் பிளக்கின்மேல் இருந்தது.

இருபத்தேழு பதிவுகள் வந்திருந்தன. பிடுங்கினால் மீதி முப்பத்தாறு எழும்பாமலே போகும். விட்டுவைத்து மின்னல் கம்பி வழியாக உள்ளே வந்தால், வந்த இருபத்தேழும் சேர்ந்து போகும். கையை எடுக்கவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. இரண்டாவது உறுமல் இன்னும் கிட்டத்தில் கேட்டது. அப்போதுதான் கூடத்து இன்வெர்ட்டர் ஞாபகம் வந்தது; கணினியும் அதன் இணைப்பில்தான் இருந்தது. ஓடிப்போய் அதன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன், மெயினையும் இறக்கினேன். கணினி இப்போது பேட்டரியில் ஓடியது. பேட்டரி நாலு வருடப் பழசு, மற்றதையும் தாங்காது. கூடத்து விசிறி, அடுப்படி விளக்கு, வாசல் விளக்கு, மாதா சுரூபத்துக்குமுன் எரியும் சின்ன விளக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். கணினித் திரையையும் அணைத்தேன். பெட்டியில் பச்சைப் புள்ளி மட்டும் எரிந்தது.

மனைவி மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள்.

"இத்தனை வருஷமா எல்லாத்தையும் விட்டுட்டு இதை அணைச்சீங்க. இன்னைக்கு இதை விட்டுட்டு எல்லாத்தையும் அணைக்கிறீங்க."

"உட்காரு. கொசு கடிக்கும், பரவாயில்ல."

உட்கார்ந்தோம். மழை ஓட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டியின் டிக் டிக் நின்று நின்று வந்தது. நிற்கும்போதெல்லாம் அவளும் மூச்சைப் பிடித்தாள். காலையில் யார் கேட்கப் போகிறார்கள் என்றவள் அவள்தான். கொஞ்ச நேரம் கழித்து, அந்த இரண்டாவது சரணத்தை வாய்க்குள் முனகினாள். சுருதி எங்கும் நிற்கவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவாள்.

7.35-க்கு இடி கிழக்கே போயிற்று. மெயினைப் போட்டேன், இன்வெர்ட்டர் பிளக்கையும் செருகினேன். திரையைப் போட்டுப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு. மீதியும் ஓடட்டும் என்று அப்படியே விட்டு, 9.30-க்குப் படுத்தோம். நாட்குறிப்பில் 'க.அ.' என்று எழுதி, அதற்கு எதிரே நேரம் போடாமல் விட்டேன்.

மறுநாள் 5.10-க்கு எழுந்ததும் நேரே கணினிக்குப் போனேன். அறுபத்திரண்டு வந்திருந்தன. ஒன்றை மட்டும் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தது. மூன்று முறை திரும்ப முயன்றேன், வரவில்லை. சின்ன டிஸ்க்கைக் கழற்றி மனைவி கையில் கொடுத்தேன். அவள் அதை முந்தானையில் துடைத்துப் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் வைத்தாள். பிறகு முறைப்படி, அணை என்ற கட்டளையை அழுத்தி, திரை கறுத்து, டிக் டிக் நின்று, பச்சைப் புள்ளி போகும்வரை காத்திருந்து பிளக்கை எடுத்தேன். பூப்போட்ட உறையை அவள் தேடிக் கொண்டுவந்து போட்டாள். முந்தின நாள் விட்ட இடத்தில் 5.31 என்று எழுதிவிட்டுக் காபி குடித்தேன்.