ஐந்தரை மணி வெந்நீர்

சீசன் வந்துவிட்டால் குற்றாலத்தில் எங்கள் லாட்ஜில் என் மனைவிக்குத் தூக்கம் கிடையாது. பாய்லர் பற்றவைக்க ஆள் இருக்கிறது. ஆனால் ஐந்தரைக்கு மூன்று மாடியும் ஏறி, கதவு கதவாகத் தட்டி, "வெந்நீர் வந்துட்டு, ஏழு மணி வரைக்கும்தான்" என்று சொல்வது அவள் வேலை. போன சீசனில் முழங்கால் வீங்கிவிட்டது. நீ எழுந்து தட்டினால் என்ன என்று கேட்பீர்கள். எனக்குக் காலைத் தூக்கம் பெரிது. போதாததற்குக் கம்ப்யூட்டர் வேறு தெரியும்.

"இனிமே ஆறரை வரைக்கும் தூங்கு. உன் குரலே மாடிக்கு மாடி பேசும்" என்று வீறாப்பாகச் சொன்னேன். அவள் குரலைப் பதிவுசெய்து வரவேற்பறையின் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டேன். மாடிகளில் ஸ்பீக்கர் மாட்டினேன். குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் ஏற்பாடு அதில் உண்டு, கிரான் என்பார்கள். தினமும் ஐந்தரைக்கு இதை ஒலிக்கச் செய் என்று அதில் ஒரு வரி எழுதினேன். கையால் ஓட்டிப் பார்த்தபோது கட்டடமே அதிர்ந்தது.

மறுநாள் ஐந்தரைக்கு மூச்சுப்பேச்சில்லை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். நான் பதறிப்போய்க் கையால் ஓட்ட, இரண்டாம் மாடியில் தட்டிக்கொண்டிருந்தவளின் தலைக்கு மேலேயே அவள் குரல் கேட்டது. லாட்ஜே சிரித்தது. அடுத்த நாளும் இதே கூத்து. கடிகாரத்தைப் பார்த்தேன், வயரைப் பிடுங்கி மாட்டினேன். மூன்றாம் நாள்தான் புத்தி வந்து, பிழை இருந்தால் எழுதி வை என்று அந்த வரியில் சேர்த்தேன். மறுநாள் ஐந்தரைக்குக் கம்ப்யூட்டர் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று எழுதி வைத்திருந்தது.

"இங்கனதானே இருக்கு, கண்ணு அவிஞ்சா போச்சு இதுக்கு?" என்று கத்தினேன்.

அவள் முழங்காலுக்கு எண்ணெய் தடவியபடியே கேட்டாள். "அது எங்கன நின்னு தேடுது?"

எனக்குச் சுரீரென்றது. நான் எப்போதும் அவள் குரல் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள் நின்றே ஓட்டியிருந்தேன்; பெயர் மட்டும் போதுமாயிருந்தது. கிரான் வேறு ஃபோல்டரில் நின்று தேடியிருக்கிறது.

"நம்ம வாசல்ல நிக்கவங்களுக்கு, வலது பக்கம் திரும்புங்க, அருவின்னு சொன்னாப் போதும். தென்காசி ஸ்டேஷன்லேருந்து போன் பண்ணுதவங்களுக்கு மொதல்லேருந்து சொல்லணும்லா?" என்றாள்.

கிரான் வரியில் கோப்பின் பெயருக்கு முன்னால், கம்ப்யூட்டரின் தலைவாசலைக் குறிக்கும் முதல் சாய்கோட்டிலிருந்து முழுப் பாதையையும் எழுதினேன்.

"நாளைக்குப் பேசும்னு சொல்லுதிய. நான் எந்திரிக்க மாட்டேன், ஆமா" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

நான்கு நாளாக ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்பதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. மறுநாளும் உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை ஆனதும் மூன்று மாடியிலும் அவள் குரல் பேசியது. கதவுகள் திறந்தன, வாளிகள் உருண்டன. சொல்ல ஓடினேன். கீழே எங்கள் அறையில் அவள் வாய் லேசாகத் திறந்திருக்க அயர்ந்து கிடந்தாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். எனக்குப் பிறகு படுத்து எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறவள். அவள் தூங்கும் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.