மிளகாய் நெடி தாண்டாத சுவர்

விருதுநகர் மார்க்கெட் தெருவில் செல்லப்பாண்டியை ‘அட்டைக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் அதை வசவாக எடுத்துக்கொண்டதே இல்லை. காரியாபட்டிப் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டில் பிறந்தவர். சென்னையில் அலுவலகங்களுக்கு அட்டை போன்ற ஜிப்சம் போர்டில் தடுப்புச் சுவர் அடித்துத் தொழில் பழகி, இந்தத் தெருவில் வந்து குடியேறியவர். செங்கல்லைத் தவிர வேறெதையும் சுவரென்று ஒப்புக்கொள்ளாத ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மிளகாய் மொத்த வியாபாரி ஜாபர் சாதிக்கின் குடோனில்.

ஜாபர் சாதிக்கின் மருமகள் தஸ்லிமா பிசியோதெரபி படித்தவர். திருத்தங்கலிலிருந்து அண்மையில் மணமாகி வந்தவர். குடோனின் தெருப்பக்கப் பாதியைத் தடுத்துத் தந்தால் மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு கிளினிக் நடத்தலாம் என்று மாமனாரிடம் கேட்டிருந்தார். வற்றல் சீசன் நெருங்கிவிட்டது, செங்கல் சுவர் எழுப்பி உலரவிட நேரமில்லை.

“வெடிப்பெட்டி செய்ற அட்டைய வச்சு நெடியத் தடுக்கப் போறீகளாக்கும்?” என்றார் ஜாபர் சாதிக்.

“போர்டு தடுக்கும் பாய். இடுக்கு விட்டாத்தான் வம்பு.”

அந்த இடுக்குகளோடுதான் அவர் மல்லுக்கட்டினார். தரையிலும் கூரையிலும் சேனல் என்னும் தகரச் சட்டத்தைப் பதிக்குமுன் அதன் அடியில் நுரைப்பட்டை ஒட்டினார். இரண்டடிக்கு ஒரு சேனலை நிறுத்தி, நடுவில் கண்ணாடிப் பஞ்சைத் திணித்து, இருபுறமும் போர்டை ஸ்க்ரூவால் முடுக்கினார். ஒருபுறத்து இணைப்புக்கு நேராக மறுபுறத்து இணைப்பு வராமல் பார்த்துக்கொண்டார். ஸ்க்ரூவின் தலை மேல்காகிதத்தை அழுத்தலாம், கிழிக்கக்கூடாது. கிழிந்ததாக விரலுக்குப் பட்டால் பக்கத்தில் இன்னொன்று முடுக்குவார். தரை கழுவும் தண்ணீரை உறிஞ்சாதிருக்கப் போர்டை அரை அங்குலம் தூக்கி நிறுத்தி, அந்த இடைவெளியைப் பசையால் அடைத்தார். பேப்பர் டேப் ஒட்டிப் பட்டி மாவு இழுத்துத் தேய்த்தபின், இணைப்பு எங்கே இருந்ததென்று கண்ணுக்குப் புலப்படவில்லை.

ஜாபர் சாதிக் கிளினிக் பக்கம் நின்று மூச்சை இழுத்தார். “நெடியே இல்ல. பெயின்ட் அடிங்க.”

செல்லப்பாண்டிக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. அடுத்த பக்கத்தில் வற்றல் குவியலுக்குள் நின்றபோதும் இருவருமே தும்மியிருக்கவில்லை.

“பாய், நம்ம மூக்கு ரெண்டும் செத்துப் போச்சு. வெளியூர் மூக்கு ஒண்ணு வேணும். மருமகளக் கூப்பிடுங்க.”

தஸ்லிமா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருமினார். “தொண்டையப் புடிக்குது மாமா.”

“நாளைக்கு லோடு வருது. சரியாகலைன்னா இதக் கழட்டிட்டு மூட்டைய அடுக்கிருவேன்,” என்றார் ஜாபர் சாதிக். தஸ்லிமா செல்லப்பாண்டியைப் பார்த்தார்.

செல்லப்பாண்டி ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சுவரின் ஓரமெல்லாம் நகர்த்தினார். அடியிலும் மேலேயும் மூலையிலும் புகை நேராக நின்றது. சுவிட்ச் பெட்டியருகே வந்ததும் வளைந்தது. ஒயர் மிச்சமாகும் என்று ஜாபர் சாதிக் சொல்ல, இரு பக்கத்துப் பெட்டிகளையும் முதுகோடு முதுகாக வைக்க அவர் இசைந்திருந்தார். காற்று அதன் வழியே தாராளமாய் வந்துகொண்டிருந்தது.

“நீங்க சொன்னீக, நான் வேண்டாம்னிருக்கணும். எம்மேல தப்பு.”

யாரும் பார்த்தால் பாராட்டும் அந்த வழவழப்பான சுவரை அவரே அறுத்தார். ஒரு பெட்டியை அடுத்த சேனலுக்கு அப்பால் தள்ளி வைத்தார். இரு பெட்டிகளின் முதுகிலும் பசை அப்பினார். பஞ்சை நிரப்பிப் புதுத் துண்டுப் போர்டை முடுக்கிப் பட்டி இழுத்தார்.

மறுநாள் குடோனில் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிக் கிளறச் சொன்னார் ஜாபர் சாதிக். தஸ்லிமா கிளினிக்குள் அடைபட்டிருந்தார். நெடுநேரமாகியும் ஒரு தும்மலோ இருமலோ கேட்கவில்லை.

“ஏம்மா, இருக்கியா?” என்று ஜாபர் சாதிக் கதவைத் தட்டினார்.

“சும்மா இருங்க மாமா, போன்ல பேசிக்கிட்டிருக்கேன்!” பிறகு குரல் தணிந்தது. “ஆமா பெரியம்மா, முழங்காலக் காட்ட திங்கக்கிழமை வாங்க. ஆட்டோ வாசல் வரைக்கும் வரும்.”

ஜாபர் சாதிக் சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு லோடுமேன்களை நோக்கி, “வர்ற லோட சுவத்துக்கு அங்கிட்டு, பின்பாதியிலயே இறக்குங்கலே,” என்றார்.

செல்லப்பாண்டி உப்புத்தாளுடன் உள்ளே போனார். ஒட்டுப்போட்ட இடத்தில் இன்னும் ஒரு கை பட்டி பாக்கி இருந்தது.